கேக்குக்குள் ஒரு புளியங்கொட்டை

ஜனவரி 6, செவ்வாய்.

பாண்டிச்சேரியில் படித்த என் மனைவிக்குப் பிரெஞ்சு என்றால் உயிர். வருடா வருடம் இதே தேதியில் அந்த நாட்டு வழக்கப்படி கேக் சுட்டு, உள்ளே என் புளி மண்டியிலிருந்து ஒரு கொட்டையை ஒளித்துவைப்பாள். கொட்டை யார் துண்டில் வருகிறதோ அவருக்குக் காகிதக் கிரீடம். அன்று அவர் சொல்வதை யாரும் மீறக்கூடாது.

அவள் இறந்து எட்டு மாதம். இன்று மகள் கவிதா சுட்டாள். அவளுக்குப் பாரிசில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது; நான் இன்னும் சம்மதிக்கவில்லை. மூன்று துண்டு போட்டு, ஒன்றை அம்மா படத்துக்கு முன்னால் வைத்தாள்.

முதல் கடியிலேயே கொட்டை என் பல்லில் பட்டது. கிரீடம் எனக்குத்தான்; ‘போகாதே’ என்று சொன்னால் போதும், இருந்துவிடுவாள். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டேன்.

“என்னங்கப்பா, பல்லு வலியா? கன்னம் உப்பியிருக்குது.”

“ஒண்ணுமில்ல கண்ணு. சக்கரை தூக்கலாப் போட்டுட்ட.”

“எனக்கும் கொட்டை வரல. அப்ப அம்மாதான் ராணி.” கிரீடத்தைப் படத்தின் மேல் மாட்டினாள். “அம்மா என்னைப் போகச் சொல்லுவாங்க, இல்லீங்களாப்பா?”

வாயைத் திறக்காமல் தலையாட்டினேன்.

கவிதா தூங்கிவிட்டாள். கொட்டை இந்த நோட்டின் மேல் கிடக்கிறது. அவள் எழுவதற்குள் இதைப் படத்துக்கு முன்னாலிருக்கும் துண்டுக்குள் செருகிவிட வேண்டும்.