மர்ஸி

கர்த்தருக்குள் அன்பான மகள் மெர்சிக்கு,

சபைக்கு வெளியே நீ செய்யப்போகும் கல்யாணத்துக்கு ஆட்சேபம் சொல்லத்தான் பாளையங்கோட்டையிலிருந்து டெல்லி வந்தேன். 'இது தேவ சித்தமில்லை' என்று சொல்ல ஜெபித்துத் தயாராக இருந்தேன்.

ரிஜிஸ்திரார் ஆபீஸ் கிளார்க், "பேட்டி கி மர்ஸி ஹை?" என்று கேட்டார். பேட்டி என்றால் மகள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். உன் பெயரைக் கேட்கிறார் என்று நினைத்து, "ஹாங் ஜி, மெர்சி" என்றேன். அவர் சிரித்தார்.

பக்கத்திலிருந்த தமிழ் வக்கீலம்மா சொன்னார்: "மர்ஸின்னா விருப்பம் சார். உங்க பொண்ணு விருப்பம்தான்னு நீங்களே சொல்லிட்டீங்க."

மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏதேனில் விலக்கிய கனியின் மரத்தைச் சுற்றிக் கர்த்தரே வேலி போடவில்லை. உனக்கு அந்தப் பெயரை வைத்ததும் நான்தான்.

மூன்று சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டுமாமே. ஓர் இடம் காலியாக இருக்கிறதா?

அப்பா