இருட்டினால் பூச்சி

மார்ச் 4
பாம்பு என் மேசைக்கு வந்துவிட்டது. அகராதியில் 'பா' என் பொறுப்பு. தெலுங்கில் பாமு, கன்னடத்தில் ஹாவு, மலையாளத்திலும் பாம்பு. அக்கம்பக்கமெல்லாம் உறவுதான், வேர்ப்பொருள் என்னவென்று கேட்டால் ஆளுக்கொரு கதை. "பாயறதால பாம்பு" என்று அலுவலகத்தில் ஒருவர் சாதிக்கிறார். நான் நம்பவில்லை. பதிப்பாசிரியரோ, "வேர் தெரியலன்னு போட்டுட்டு அடுத்த சொல்லுக்குப் போங்கம்மா" என்கிறார்.

மார்ச் 6
துணி எடுக்க மாடிக்குப் போனேன். கையைத் தூக்கினால் போன மாதம் அக்குளில் கட்டி எடுத்த இடம் இன்னும் இழுக்கிறது. இவர் மூலையில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வைத்துவிட்டார். கேட்டால் ஆபீஸ் விஷயமாம். ஆபீஸ் விஷயத்துக்குக் கண் ஏன் சிவக்கிறது?

மார்ச் 7
அவர் குளிக்கும்போது போனைப் பார்த்துவிட்டேன். பேசியது என் தங்கையிடம். கூடப் பிறந்தவளா! சீ, நினைக்கவே கூசுகிறது. ஆனாலும்—

மார்ச் 10
இருட்டினால் பாம்பைப் பூச்சி என்பார்கள், கயிறு என்பார்கள். பெயர் சொன்னால் வந்துவிடுமாம். சர்ப்பம் என்றாலும் 'ஊர்வது' என்றுதான் பொருள். அதுவும் நழுவல்தான். பயந்தவர்கள் பெயர் சொல்வதில்லை.

சாயங்காலம் தங்கை வந்தாள். சமையலறையில் அவள் குரல்: "அத்தான், அதை அக்கா காதுல போட்டுடாதீங்க." நான் நுழைந்ததும் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்குளைப் பார்த்தார்கள்.

வெறும் கொழுப்புக் கட்டி, ரிசல்ட் நல்லாருக்கு என்று சொன்னது யார்? இவர்தானே. டாக்டர் இல்லையே!

மார்ச் 11
காலையில் நேராகவே கேட்டேன். "அது அதுன்னு பேசிக்கிறீங்களே, அதுக்குப் பேரு என்னங்க?"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "சொன்னா நீ உடைஞ்சு போயிடுவியோன்னு..."

"நான் ஏற்கெனவே உடைஞ்சுதான் கிடந்தேன். உங்களையும் தங்கச்சியையும் சேர்த்து வச்சு என்னென்னவோ நினைச்சு!"

அழுதுகொண்டே சிரித்துவிட்டார். எனக்கு ஆத்திரம் தீரவில்லை. என் உடம்பு, எனக்குத் தெரியாமல் இரண்டு பேர் முடிவு பண்ணுவார்களா? பிறகு அந்தப் பெயரை நானே வாய்விட்டுச் சொன்னேன்.

மார்ச் 18
பாம்புக்கு 'வேர் தெரியவில்லை' என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இன்று முதல் ஊசி. பக்கத்து நாற்காலி அம்மா குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கும் அதுதானா?" என்றார்.

நான் வாயெடுப்பதற்குள் இவர் சொன்னார், "புற்றுநோய்ங்க." என் கையை விடவில்லை.