காற்றிலிருந்து பெட்ரோல்

ஓமன்
10.8.2025

அன்புள்ள அமிர்தத்துக்கு,

தணிகைவேல் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, வெயில்தான் ஆளை உருக்குகிறது. போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது. அதனால்தான் காகிதம். இதில் கத்த முடியாது அல்லவா?

வந்து ஒன்றரை வருஷமாகியும் என் வேலையைப் பற்றி உனக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. இங்கே காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிரிக்கிறோம். சூரிய மின்சாரத்தை வைத்துத் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கிறோம். இரண்டையும் சேர்த்தால் பெட்ரோல்! போன வாரம் ஒரு பாட்டில் நிறைய கையில் பிடித்துப் பார்த்தேன். எந்தப் பழைய வண்டியிலும் அப்படியே ஊற்றலாம், எஞ்சினில் ஒரு திருகாணியைக்கூட மாற்ற வேண்டாம்.

ஆகவே என் காரை விற்றுவிடாதே. இரண்டே வருஷத்தில் இந்தப் பெட்ரோல் பாகூர் பங்குக்கே வந்துவிடும். நீ வாங்கியிருக்கும் பேட்டரி வண்டியை என்ன செய்வது என்றுதான் அப்போது யோசிக்க வேண்டியிருக்கும். ஞாயிறுதோறும் காரை ஸ்டார்ட் செய்து கால் மணி நேரம் ஓடவிடு. விற்றுவிடாதே.

அன்புடன்,
தணிகைவேல்


சேலியமேடு
2.9.2025

அன்புள்ள மாமாவுக்கு,

அமிர்தம் எழுதிக்கொள்வது. காகிதத்தில் கத்த முடியாது என்றீர்கள். ஆனால் ‘விற்றுவிடாதே’ என்பதை இரண்டு இடத்திலும் அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். நன்றாகவே கேட்டது.

கார் பத்திரமாக நிற்கிறது. நீங்கள் சொல்வதற்கு முன்பிருந்தே ஞாயிறுதோறும் ஸ்டார்ட் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

என் வண்டிக்கு வாரத்தில் ஆறு நாள் சவாரி. பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் செய்யப் போகிற ஏழு பேரை அழைத்துப் போய் அழைத்து வருகிறேன். மணப்பட்டுச் செல்வகுமாரி அக்காவைத் தெரியுமே, கூடையில் மீன் கொண்டுவருவாரே, அவருக்கும் கிட்னி போய்விட்டது. முதல் நாள் என் வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் கொஞ்ச நேரம் கழித்து, “இன்னாடி, இன்னும் வண்டிய எடுக்கலையா?” என்றார். “கன்னியகோயிலே தாண்டிட்டோம்க்கா” என்றேன். சத்தமே இல்லாத வண்டி அவருக்குப் பிடித்துவிட்டது. குலுக்காமல் போவதால் திரும்பி வரும்போது தூங்கிவிடுகிறார்.

நீங்கள் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று சொன்னது எனக்கு மறக்கவில்லை. “நீ வண்டி ஓட்டுவ, நான் உக்காந்து துண்ணணுமா?” நீங்கள் வேலை பார்த்த கம்பெனியை மூடியது உங்கள் தப்பில்லை. என் தப்பும் இல்லையே மாமா.

ஒன்று கேட்கிறேன். அந்தப் பெட்ரோல் விஷயம் நிஜம்தானா? பங்கில் சொன்னேன், சிரிக்கிறார்கள்.

அன்பு மறவாத,
அமிர்தம்


ஓமன்
5.10.2025

அன்புள்ள அமிர்தத்துக்கு,

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அவர்கள் இந்த ஆலையைப் பார்த்ததில்லை.

நான் ஒன்று கேட்கிறேன், பதில் சொல். மழைக்காலம் வருகிறது. நம் பக்கம் கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? அன்றைக்கு உன் வண்டி என்ன செய்யும்?

மாடியில் துணி காயப்போடும்போது வழுக்கும், பார்த்து நட.

தணிகைவேல்


சேலியமேடு
8.12.2025

அன்புள்ள மாமாவுக்கு,

போன வார மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, கவலைப்படாதீர்கள். தெருவில்தான் முழங்கால் அளவு நின்றது. கரண்ட் மூன்று நாள் இல்லை.

முதல் நாள் சாயங்காலம் நான் சவாரி முடித்து வந்தபோது என் வண்டியில் ஒன்பது சதவீதம்தான் சார்ஜ் இருந்தது. வீட்டில் போட்டுக்கொள்ளலாம் என்று அசட்டையாக வந்துவிட்டேன். மறுநாள் யாரையும் கூட்டிப்போக முடியவில்லை; அந்தத் தண்ணீரில் உங்கள் காரை எடுக்கவும் தைரியம் வரவில்லை. அதற்கடுத்த நாள் விடிந்ததும் செல்வகுமாரி அக்கா போன் செய்தார். “மூச்சு முட்டுது அமிர்தம். இன்னிக்கும் வுட்டா நான் இருக்க மாட்டேன்.”

உங்கள் காரை எடுத்தேன். மூன்றாவது தரம் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. மணப்பட்டுக்குப் போய் அக்காவை ஏற்றினேன். ரோடு எது, வயல் எது என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் இருந்த மரங்களைப் பார்த்துக்கொண்டே, முதல் கியரில், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் ஓட்டினேன். அக்கா முகமெல்லாம் வீங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார்.

உங்கள் கார் இல்லாவிட்டால் அக்கா இன்று இல்லை. இதை எழுதாமல் விட்டிருக்கலாம், மனசு கேட்கவில்லை. நீங்கள் சொன்னது சரியாகிவிட்டது மாமா.

அமிர்தம்


ஓமன்
4.1.2026

அன்புள்ள அமிர்தத்துக்கு,

உன் கடிதத்தை நான்கு தரம் படித்தேன். முதல் தரம் ஜெயித்த சந்தோஷம். நான்காம் தரம் வெட்கம்.

அந்தத் தண்ணீரில் நீ ஓட்டியது பெரிய காரியம். எனக்கே தைரியம் வந்திருக்காது. எனக்குச் சாதகமான ஒன்றை நீயே எழுதி அனுப்பிய பிறகு, நான் மட்டும் பொய்யை வைத்துக்கொண்டிருப்பது சரியில்லை.

எங்கள் பெட்ரோல் பாகூருக்கு வராது. இரண்டு வருஷத்திலும் வராது, பத்து வருஷத்திலும் வருமா என்பது சந்தேகம். ஒரு லிட்டர் செய்ய இங்கே ஆகும் மின்சாரத்தை உன் வண்டியில் ஏற்றினால் நூறு கிலோமீட்டர் தாராளமாகப் போவாய். அந்த ஒரு லிட்டரில் என் கார் பதினைந்து போகும். இது விமானத்துக்கும் கப்பலுக்கும்தான் என்று என்ஜினியர்கள் முதல் மாதமே சொல்லிவிட்டார்கள். தெரிந்துகொண்டேதான் உனக்கு அப்படி எழுதினேன்.

ஏன் என்று கேட்பாய். வாசலில் என் கார் நிற்கும்வரை அந்த வீட்டில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கிளம்பிய அன்று சொன்ன வார்த்தையும் தப்பு. நீ சம்பாதிப்பது எனக்கு வலிக்கவில்லை. நான் சும்மா இருந்ததுதான் வலித்தது.

காரை விற்றுவிடு. மார்ச்சோடு என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் மூன்று வருஷத்துக்குக் கேட்கிறார்கள். கையெழுத்துப் போடவில்லை. போடுவதா வேண்டாமா என்று நீ சொல்.

தணிகைவேல்


சேலியமேடு
30.1.2026

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் கோபமாகவே இருந்தேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்தக் காரோடு போயிற்று! செல்வகுமாரி அக்காவிடம் சொல்லித் தீர்த்தேன். அவர் சிரித்துவிட்டு, “வூட்டுக்கு வரணும்னு சொல்லத் தெரியாம பெட்ரோல சொல்லிக்கினு இருந்திருக்கான்” என்றார். அதோடு கோபம் போய்விட்டது.

மாடியில் சூரியத் தகடு வைத்து, மின்சாரத்தைப் பேட்டரியில் சேர்த்து வைத்தால் மழையில் கரண்ட் போனாலும் வண்டிக்கு ஏற்றலாமாமே. ஆஸ்பத்திரிக்கு வரும் ஒருவர் சொன்னார். எத்தனை தகடு, எந்த மாதிரி பேட்டரி என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களைத்தான் கேட்க வேண்டும். என் வண்டிக்கு இப்போது பதினோரு பேர் காத்திருக்கிறார்கள். ஒரு வண்டியும் ஒரு ஆளும் போதவில்லை. இது உங்களைச் சமாதானப்படுத்த எழுதுவதில்லை, உள்ளதை எழுதுகிறேன்.

காரை வாங்க அரங்கனூரிலிருந்து ஆள் வந்தார். ஆர்.சி. புத்தகம் உங்கள் பெயரில் இருப்பதால் உங்கள் கையெழுத்து வேண்டும். ஃபாரத்தைத் தபாலில் அனுப்பினால் அங்கேயே போட்டுத் திருப்பி அனுப்பலாம் என்றார்.

ஃபாரம் என்னிடம்தான் இருக்கிறது. அனுப்ப மாட்டேன். இங்கே வந்து போடுங்கள்.

உங்கள்
அமிர்தம்