தூக்கிக்கிட்டுப் போகிற மாதிரி ஒரு கடை

திருவண்ணாமலை
9.11.2008

அன்பு மகள் சிந்துஜாவுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அண்ணாமலையார் புண்ணியத்தில் நல்லா இருக்கோம், அந்த மெல்போர்ன் ஊரில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்கன்னு தெரிஞ்சால் எனக்கு அதுவே போதும். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கம்மி, ஆனால் போன பௌர்ணமிக்கும் சொன்னால் கேட்காமல் மலை சுத்திட்டு வந்து மூணு நாள் காலை நீட்டிப் படுத்துக்கிட்டார், முப்பது வருஷம் பஸ்ஸில் நின்னுக்கிட்டே டிக்கெட் கிழிச்சவன் பதினாலு கிலோமீட்டர் நடக்க மாட்டேனான்னு என்கிட்டயே கேட்கிறார். இதையெல்லாம் போனில் சொல்லலாம், ஆனால் நீ கூப்பிட்டால் பாதியில் கார்டு தீர்ந்து கட்டாகுது, தவிர போனில் நான் எது சொன்னாலும் சரிம்மா சரிம்மான்னுட்டு அடுத்த வாரம் பழைய பேச்சையே ஆரம்பிக்கிறே. அதனால்தான் லெட்டர். பொறுமையா முழுசும் படி.

நம்ம செங்கம் ரோட்டு மெத்தைக் கடையைத் தை மாசத்தோடு காலி பண்ணணும்னு ஓனர் மகன் வந்து சொல்லிட்டுப் போயிட்டான், இடிச்சிட்டு லாட்ஜ் கட்டப் போறாங்களாம். மரியாதையாத்தான் சொன்னான், குறை சொல்ல மாட்டேன். அதே ரோட்டில் வேற கடை பார்த்தேன், பத்துக்கு எட்டு அறைக்கு மூணு லட்சம் அட்வான்ஸ் கேட்கிறாங்க, உள்ளே நாலு தியான மெத்தை அடுக்கினால் அஞ்சாவதா நான் நிற்க இடமில்லை. நீ அந்த அட்வான்ஸை அனுப்பறேன்னு சொன்னே, சொன்னதே எனக்குச் சந்தோஷம், ஆனால் அது நீங்க ரெண்டு பேரும் வீடு வாங்கச் சேர்த்தது, அதில் கை வைக்க மாட்டேன். அப்படின்னால் விட்டுட்டு உட்கார்ந்துக்கோம்மா, உனக்கு எதுக்கு இந்த வயசுல இதெல்லாம்னும் சொன்னே. ஐம்பத்தஞ்சு ஒரு வயசா? நான் உட்கார்ந்துட்டால் நம்மகிட்ட தைக்கிற பாஞ்சாலையும் மத்த மூணு பேரும் எங்கே போறது, பாஞ்சாலை மகள் இப்பதான் நர்சிங் சேர்ந்திருக்கா. அதனால் கடை போகலாம், வியாபாரம் போகக்கூடாது. போன வருஷம் வாங்கிட்டுப் போன வெளிநாட்டுக்காரங்க இன்னும் ரெண்டு மெத்தை அனுப்ப முடியுமான்னு கேட்டு எழுதின லெட்டர் ஒரு செருப்பு டப்பா நிறைய இருக்கு. அந்த டப்பாவைப் பார்த்துத்தான் இன்டர்நெட்டில் கடை போடலாமான்னு உன்னைக் கேட்டேன், நீயும் மூணு வழி இருக்குன்னு விளக்கமா எழுதி அனுப்பினே. இன்டர்நெட்டிலேயே மாச வாடகைக்குக் கிடைக்கிற கடையே சுலபம், அதையே எடுத்துக்கோம்மான்னு கடைசியில் முடிவும் சொல்லிட்டே. நான் ஒரு மாசமா மூணையும் பார்த்துட்டேன், என் முடிவு வேற. ஏன்னு சொல்றேன் கேள்.

கடை பிடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் முழுக்க ரோட்டுக்கு எதிர்ப் பக்கம் நின்னு பார்க்கிறது என் வழக்கம்னு உனக்குத் தெரியும். ஜனம் எந்தப் பக்கமா வருது, வெயில் எப்ப சாமான் மேலே விழுது, மழை பெய்தால் தண்ணி எங்கே நிற்குதுன்னு பார்த்துட்டுத்தான் வாடகை பேசுவேன். இதுக்கும் அப்படியே செய்தேன். பெரிய தெருவில் பிரவுசிங் சென்டர் வெச்சிருக்கே பிர்தௌஸ், நசீருதீன் பாயோட மருமகள், கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு, ரெண்டு பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிட்டு ஒன்பது மணிக்குக் கடை திறக்கும், அதோடு போய் உட்கார்ந்துக்குவேன். வாங்க வர்றவளா பாஞ்சாலையை உட்கார வெச்சேன். எனக்கு வியாபாரம் தெரியும், அதனால் நான் தப்பு பண்ண மாட்டேன், தப்பு பண்றவங்கதான் கடையைச் சோதிக்க லாயக்கு.

முதலில் மெட்ராஸ் கம்பெனிக்காரர் ஒருத்தர் டை கட்டிக்கிட்டு வந்தார், அவங்களே சொந்தமா எழுதின சாப்ட்வேராம், எல்லாத்தையும் எங்ககிட்ட விட்டுடுங்க மேடம், நீங்க மெத்தையை மட்டும் பாருங்கன்னார். பார்க்க அழகா இருந்தது, படம் தானா ஓடுது. பாஞ்சாலை ரெண்டு மெத்தை கூடையில் போட்டாள், அப்புறம் ஒண்ணு வேணாம்னு நினைச்சாள். நம்ம தையல் சீட்டில் ஒரு உருப்படி திரும்பி வந்தால் மைனஸ் ஒண்ணுன்னு போடறோம் இல்லையா, கை அந்தப் பழக்கத்தில் எண்ணிக்கை கேட்கிற கட்டத்தில் மைனஸ் ஒண்ணுன்னே தட்டிட்டாள். கடை அதையும் வாங்கிக்கிட்டு, கணக்குப் போட்டு, மொத்தத் தொகை மைனஸ் நானூத்தி ஐம்பது, ஆர்டருக்கு நன்றின்னு சொல்லுது. பாஞ்சாலை மெதுவா என் பக்கம் திரும்பி, “யக்கா, இந்தக் கடதான் எனக்குக் காசு குடுக்கணுமாம், வாங்கிக்கவா?” அப்படின்னாள். பிர்தௌஸ் முந்தானையில் வாயைப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டுது. அந்த மனுஷன் முகம் சிவந்துபோய் உலகத்தில் யாரும் இப்படிச் செய்ய மாட்டாங்க மேடம்னார், இப்ப செய்தவளும் உலகத்தில்தானே இருக்கா சார்னேன். சரி, தப்பு யாருக்கும் வரும், அதுக்காக நான் தள்ளலை. நாளைக்கு உங்களைப் பிடிக்காமல் வேற ஆளைப் பார்த்தால் கடை என்கூட வருமான்னு கேட்டேன். வராதாம், சாப்ட்வேர் அவங்களுதாம், சாமான் பட்டியலும் வாங்கினவங்க விலாசமும் வேணும்னால் தனியா எழுதிக் கேட்கணுமாம். காபி வாங்கிக் கொடுத்து மூணு மணி பஸ்ஸுக்கு அனுப்பி வெச்சேன்.

அப்புறம் நீ சொன்ன மாச வாடகைக் கடை. நல்லதை நல்லதுன்னு சொல்லணும், ரொம்ப சுத்தம், ஒரே காலையில் பத்து மெத்தை படத்தோடு ஏத்திட்டோம், பாஞ்சாலை என்ன தட்டினாலும் அசையலை. எடுத்துடலாம்னே நினைச்சேன். அனுப்புற கூலிக்கு வந்தப்பதான் இடிச்சது. அது எடையை மட்டும்தான் கேட்குது. இலவம்பஞ்சு மெத்தை எடை ஒரு கிலோதான், ஆனால் கூரியர்காரன் டேப் வெச்சு நீளம் அகலம் உயரம் அளந்து நாலு கிலோன்னு பில் போடுறான். அந்தக் கடை ஒரு கிலோ கூலியை வாங்கிக் கொடுக்கும், மீதி மூணு கிலோ கூலியை நான் கைக்காசு போட்டு அனுப்பணும். இதை மாத்த முடியுமான்னு எழுதிக் கேட்டோம், இப்போதைக்கு வழியில்லைன்னு மரியாதையா பதில் வந்தது. அதுகூடப் பரவாயில்லை, விலையில் ஏத்திக்கலாம். பிர்தௌஸை அவங்க சட்டதிட்டம் முழுசும் படிச்சுச் சொல்லச் சொன்னேன், அது படிக்கப் படிக்க ஒரு இடத்தில் நிறுத்தச் சொல்லித் திரும்பக் கேட்டேன். அவங்க நினைச்சால் எந்தக் காரணத்துக்கும் கடையை மூடலாம், மெயிலில் ஒரு அறிவிப்பு வந்தால் போதுமாம். இது எல்லாரும் எழுதற வரிதான்மா, நிஜமா மூட மாட்டாங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. இருக்கலாம். ஆனால் எனக்கு அந்த வரியைத் தாண்டி வேற எதுவும் காதில் விழலை. தொண்ணூத்தி நாலில் தீபத்துக்குப் பத்து நாள் இருக்கச்சே நம்ம முதல் கடைக்குப் பூட்டை மாத்திட்டு ஓனர் ஊருக்குப் போயிட்டான், சரக்கெல்லாம் உள்ளே, நான் வெளியே. பள்ளிக்கூடம் விட்டு வந்த நீயும் என் பக்கத்தில் நின்னே. அன்னிக்கு நாம நின்ன மாதிரி நான் இன்னொரு தடவை நிற்க மாட்டேன், எதிரில் இருக்கிறது மரக் கதவானாலும் சரி, கம்ப்யூட்டரானாலும் சரி.

மூணாவது அந்த இலவசச் சாப்ட்வேர், நாமளே எடுத்து நம்ம இடத்தில் வெச்சு நடத்தறது. இதில்தான் நான் ஒரு கூத்து பண்ணினேன். சொந்த இடம்னால் நம்ம வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி வாங்கி வைக்கிறதுன்னு நினைச்சு, பீரோ பக்கத்தில் இடம்கூட ஒதுக்கி, அப்பாவை ஸ்டூல் அடிக்கச் சொல்லிட்டேன். பிர்தௌஸ்தான், அம்மா இங்க கரண்ட் போற போதெல்லாம் உங்க கடை உலகம் பூரா மூடிக்கும்னு சொல்லுச்சு. இங்கே இப்ப தினம் நாலு மணி நேரம் கட்டு. பெட்டி வேற ஊரில் ஒரு கம்பெனிகிட்ட வாடகைக்கு இருக்குமாம், அதுக்குள்ளே இருக்கிற கடை நம்மளுதாம். வாடகைன்னதும் எனக்குச் சுருக்குன்னுது, இதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்னேன். யோசிச்சுப் பார்த்தால் எனக்கே புரிஞ்சது. பூட்டை மாத்தினதுக்கு அப்புறம் நாம மூணு வருஷம் ரோட்டோரம் மரப் பெட்டியா பங்க் கடை வெச்சிருந்தோமே, அதேதான். தரைதான் வாடகை, பங்க் நம்மளுது. கிளம்புன்னால் டெம்போவில் ஏத்திக்கிட்டு அடுத்த மரத்தடிக்குப் போயிடலாம்.

ஆனால் நிஜமா ஏத்த முடியுமான்னு பார்க்காமல் நம்பறதா? வேற கம்பெனியில் ஒரு மாசத்துக்கு இன்னொரு இடம் எடுத்து, கடையைத் தூக்கி அங்கே வையுன்னு பிர்தௌஸ்கிட்ட சொன்னேன். ஒரு மத்தியானம் ஆச்சு. கடை வந்துட்டுது, படம் வந்துட்டுது, ஆனால் தமிழில் எழுதின இடத்திலெல்லாம் வரிசையா கேள்விக்குறி. இலவம்பஞ்சு மெத்தைன்னு இருந்த இடத்தில் பத்துப் பதினஞ்சு கேள்விக்குறி நிற்குது. அந்தச் சாப்ட்வேரை வெச்சு நடத்தற கடைக்காரங்க ஊர் ஊரா இருக்காங்க, ஒரு இடத்தில் கூடிக் கேள்வி கேட்டுப் பதில் எழுதிக்கிறாங்க, அங்கே பிர்தௌஸ் எழுதிப் போட்டுது. மறுநாள் பார்த்தால் பிரேசிலில் மீன் தூண்டில் விக்கிறவராம், தன் பாஷைக்கும் இதே கஷ்டம் வந்ததுன்னு என்ன மாத்தணும்னு வரி வரியா சொல்லிக் கொடுத்திருக்கார். செய்ததும் தமிழ் வந்துட்டுது. காசு வாங்காத மனுஷன், நம்மை யாருன்னும் தெரியாது, அவருக்கு எதுக்கு இந்த அக்கறைன்னு நான் ரெண்டு நாள் யோசிச்சேன், இன்னும் முழுசாப் புரியலை. மெத்தை அளவை வெச்சுக் கூலி கணக்குப் போடறதையும் பிர்தௌஸ் அதிலேயே சேர்த்துட்டுது. பாஞ்சாலை தேடிப் போய் மைனஸ் ஒண்ணு போட்டாள், கடை சாமானைக் கூடையிலிருந்து எடுத்துட்டுது, அவ்வளவுதான். அவளுக்குத்தான் கொஞ்சம் ஏமாத்தம்.

இலவசம்னால் செலவே இல்லைன்னு நான் ஏமாறலை. ஓட்டை கண்டுபிடிச்சுத் திருடங்க உள்ளே வருவாங்களாம், அப்பப்போ புதுசு வரும்போது அடைக்கணும், அதுக்கு ஒரு ஆள் வேணும். பிர்தௌஸுக்கு மாசச் சம்பளம் பேசிட்டேன், சும்மா செய்யறேன்னுது, சும்மா செய்யறவங்களை ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட முடியாதுன்னு சொல்லிட்டேன். என்ன செய்தாலும் ஒரு நோட்டில் எழுதி வைக்கணும், வாரம் ஒரு தடவை கடை முழுசையும் சிடியில் போட்டு என்கிட்ட தரணும்னு ஏற்பாடு. அந்தப் பொண்ணு நாளைக்கு வேற ஊருக்குப் போனாலும் நோட்டைப் பார்த்து அடுத்த ஆள் செய்யலாம்.

ஆக என் முடிவு இது. ரோட்டில் வேற கடை எடுக்கலை. மலை சுத்தற பாதையில் அடி அண்ணாமலையில் ஒரு ஷெட் பார்த்திருக்கேன், தைக்கவும் பஞ்சு அடைக்கவும் தாராளமா இடம், பௌர்ணமிக்கு வாசலிலேயே நாலு மெத்தை போட்டு உட்காரலாம். நாலு பேருக்கும் வேலை தொடரும்னு சொல்லிட்டேன், பாஞ்சாலை ஊசியில் நூல் கோத்துக்கிட்டே இருந்தாள், கோத்த நூலையே மறுபடி கோத்தாள். இன்டர்நெட் கடையை அஞ்சாம் தேதி திறந்தோம். முந்தாநாள் முதல் போணி, பிரான்ஸில் இருக்கிற அந்த உயரமான டீச்சரம்மா, விலை சொன்னால் கொஞ்சம் ஜாஸ்தி கொஞ்சம் ஜாஸ்தின்னு தமிழிலேயே சொல்லுமே, அது ரெண்டு மெத்தை கேட்டிருக்கு. இன்டர்நெட்டில் பேரம் பேச வழியில்லாதது அதுக்குக் கஷ்டமா இருந்திருக்கும். ஒரு ஆர்டரை வெச்சு ஜெயிச்சுட்டேன்னு நான் சொல்லலை, சித்திரை வரைக்கும் பார்த்துத்தான் சொல்ல முடியும். தோத்தாலும் என் கையில் இருக்கிற கடையில் தோத்ததா இருக்கட்டும்.

இப்ப முக்கியமான விஷயம், அதுக்குத்தான் இவ்வளவு எழுதினேன். இந்தக் கடைக்கு ரெண்டு சாவி. ஒண்ணு வேலை பார்க்கிற சாவி, அது பிர்தௌஸ்கிட்ட இருக்கு. இன்னொண்ணு எல்லாத்துக்கும் மேலான சாவி, அது இருந்தால்தான் கடையைத் தூக்கிக்கிட்டுப் போக முடியும், மத்த சாவியை மாத்தவும் முடியும். அதுக்கு ஒரு ரகசிய வார்த்தை வைக்கணும்னு சொல்லிட்டு பிர்தௌஸ் எழுந்து அந்தப் பக்கம் போயிட்டுது, நான் ஒத்தை விரலால் தேடித் தேடித் தட்டினேன். எனக்கு ஏதாவது ஆயிட்டால் அது என் தலையோடு போகக்கூடாது, அப்பாகிட்ட சொன்னால் டீக்கடையில் சொல்லிடுவார். லெட்டரிலும் எழுத மாட்டேன், நாலு கை மாறி வரும். பூட்டை மாத்தின அன்னிக்கு நீ என் பக்கத்தில் நின்னியே, அப்ப ரெண்டு கையிலும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, நான் வாங்கப் பார்த்தும் கொடுக்காமல் வெச்சிருந்தியே ஒரு சாமான், அதோட பேர். இங்கிலீஷ் எழுத்தில், இடைவெளி இல்லாமல், பின்னாடி அந்த வருஷம் நாலு எண்ணும். நம்ம ரெண்டு பேரைத் தவிர அது யாருக்கும் தெரியாது. உனக்கு ஞாபகம் இருக்கும்னு நம்பித்தான் வெச்சேன். உள்ளே போய்ப் பார்த்துட்டு ஒண்ணும் மாத்தாமல் வெளியே வா, வந்துட்டேன்னு மட்டும் போனில் சொல்லு, சாமான் பேரைச் சொல்லிடாதே.

குளிர் காலம் முடிஞ்சாலும் காதை மூடிக்கிட்டு வெளியே போ, மாப்பிள்ளையை நேரத்துக்குத் தூங்கச் சொல்லு. தீபத்தன்னிக்கு மலையில் ஜோதி தெரியற நேரத்தில் உங்க ரெண்டு பேர் பேரையும் சொல்லிக் கும்பிட்டுக்கிறேன், வீடும் பிள்ளையுமா நீங்க நிறைஞ்சு வாழணும்.

உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா
வே. ஜோதியம்மாள்