குடும்பம் எப்படி என்று கேட்டவர்

அக்கா,

கழுவி வைக்கலாம் என்று இன்று காலை உங்கள் புளிப்பானையைக் கவிழ்த்தேன். பழம்புளி வாசனையோடு ஒரு துணி முடிச்சு விழுந்தது. உள்ளே இருந்தது அத்தனையும் பாதியாக உடைத்த மாத்திரைகள். 

இந்த வீட்டுக்கு இளைய மருமகளாக நான் வந்த புதிதிலேயே என் குணத்தைக் கண்டுகொண்ட மூத்த மருமகள் நீங்கள். "சாமியே வந்து நின்னாலும் நீ ஆதார் கார்டு கேப்படி" என்பீர்கள்.

உங்கள் இதய மாத்திரையை ஓர் அறக்கட்டளை பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார்கள். குடும்ப வருமானம் அவர்கள் போட்ட வரம்புக்குள் இருக்க வேண்டும். அந்த வரம்பைத் தாண்ட நமக்கு வருமானம் ஏது? ஆனாலும் வசதியான குடும்பம் என்று மறுத்துவிட்டார்கள். லஞ்சம் எதிர்பார்க்கிறார்கள் என்றேன். யாரோ வயிற்றெரிச்சலில் போட்டுக்கொடுத்தார்கள் என்றேன். சொன்னது எதிர்வீட்டு அண்ணன் என்று தெரிந்ததும் சண்டைக்கே போய்விட்டேன். அவர் நடந்ததைச் சொன்னார்.

"பைக்ல ஒருத்தர் வந்து, குடும்பம் எப்படினு கேட்டாருங்க. உங்க அக்கா பையனுக்குப் பொண்ணு குடுக்க விசாரிக்கறாருன்னு நெனச்சேன். மாந்தோப்பு இருக்குது, பையன் பெங்களூர்ல கைநிறைய சம்பாதிக்கறான், ஒண்ணும் கொறையில்லனு சொல்லி, டீயும் வாங்கிக் குடுத்து அனுப்புனேங்க."

வந்தவர் அறக்கட்டளை ஆள். தோப்பு நாம் குத்தகைக்கு எடுத்தது. பையன் வேலை போய்க் கைச்செலவுக்கே திண்டாடிக்கொண்டிருந்தான். ஆனால் சம்பந்தம் விசாரிக்க வந்தவரிடம் இதையெல்லாம் நம் ஊரில் பகையாளிகூடச் சொல்ல மாட்டான்.

நீங்கள் சிரித்தீர்கள். "வுடுடி, அவரு வாயிலயாவது நம்ம வூடு நல்லா இருந்துட்டுப் போவுது."

மறுபடி எழுதிப் போட்டோம். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். கடத்தூர் மருந்துக்கடையில் முழு விலைக்கு வாங்கிச் சாப்பிடுவதாகச் சொல்லி, காலி அட்டைகளைக் காட்டினீர்கள். நம்பினேன். ஊரையே சந்தேகப்பட்டவள் உங்களை மட்டும் சந்தேகப்படவில்லை. தினம் பாதியை மட்டும் விழுங்கி, மீதியை முடிந்து வைத்தது இன்றுதான் தெரிகிறது. அடுத்த வருஷம் வந்தபோது நீங்கள் இல்லை. கோபம் கோபமாக வருகிறது அக்கா, உங்கள் மேல்தான்.

எதிர்வீட்டு அண்ணனும் இப்போது தன் மனைவியின் மாத்திரைக்கு எழுதிப் போட்டிருக்கிறார். அவர் வீட்டில் கல்யாணத்துக்குப் பெண்ணும் இருக்கிறாள். போன வாரம் பைக்கில் ஒருவர் வந்து, அந்தக் குடும்பம் எப்படி என்று என்னிடம் கேட்டார்.

"சம்பந்தம் பேசவா, மாத்திரைக்கு விசாரிக்கவாங்க?" என்றேன்.

"சம்பந்தந்தாங்க" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. "ரொம்ப இல்லாதப்பட்ட குடும்பங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நிஜமாகவே சம்பந்தம் பேச வந்தவர் என்றால் அண்ணன் என்னைத் திட்டித் தீர்க்கட்டும். கல்யாணம் இன்னொன்று அமையும், அக்கா.