வெள்ளிக்கிழமை அட்டை

மார்ச் 3, ஞாயிறு

மகன் லிஃப்ட் அட்டைகளைக் கொண்டுவந்தான். பெரிய கட்டடம் ஒன்றில் மேற்பார்வையாளன். தினம் காலையில் லிஃப்டைச் சோதித்து, அன்றைய அட்டையில் கதவு, மணி, விளக்கு என்று பன்னிரண்டு கட்டத்தில் டிக் போட வேண்டும். ஆறு நாளைக்கும் சேர்த்து ஞாயிறே முடித்துவிடுவோம். கையெழுத்து அவன், டிக் நான். ஐந்தாவதுதான் படித்தேன். ஆனால் என் டிக் மாதிரி அவனுக்கு வராது.

மார்ச் 5

அவன் மகள் காலேஜில் தத்துவம் படிக்கிறாள். எங்கள் வீட்டில் யார் படித்தது இவ்வளவு! 'தீமை என்று ஒன்று உண்டா' என்று கட்டுரையாம். சாமி, பேய் எதையும் இழுக்காமல் எழுத வேண்டுமாம்.

"கெட்டவங்கள எப்படிப் பாட்டி கண்டுபிடிப்ப?"

"மூஞ்சியப் பார்த்தாலே தெரியும்டி."

"அப்போ முதல்ல கண்ணாடியப் போட்டுக்கோ."

மார்ச் 7, வியாழன்

மகன் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்யும் பெண்ணின் கை லிஃப்ட் கதவில் மாட்டிக்கொண்டது. மூன்று விரல் போய்விட்டது.

மார்ச் 9

அவள்தான் கையைக் குறுக்கே நீட்டினாள், கதவு சரியாகத்தான் இருந்தது, அட்டையைப் பாருங்கள் என்று மகன் விசாரணைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான். அவளை வேலையை விட்டு அனுப்பப் போகிறார்களாம்.

"வெள்ளி, சனி அட்டை வீட்லயே இருக்கும்மா. கிழிச்சுப் போட்டுடு."

எடுத்துப் பார்த்தேன். விரல் போன மறுநாளும் 'கதவு – சரி'. என் டிக்.

மார்ச் 10

பேத்தியைக் கேட்டேன். யார்மேலும் கோபமில்லாமல், கெடுதல் நினைக்காமல் ஒருத்தி செய்தால் அது தீமையில் சேருமா?

"சேராது, வெறும் அலட்சியம்னு சிலர் சொல்றாங்க. நெனப்பப் பார்க்காத, யாருக்கு என்ன ஆச்சுன்னு பாருன்னு சிலர். அந்தச் சொல்லே வேணாம், அதைச் சொன்னதும் யோசிக்கறத விட்டுடறோம்னு இன்னும் சிலர். ஏன் கேக்கற?"

"சும்மா."

என் மனசில் கெடுதல் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். அந்தப் பெண்ணும் என் மனசில் இல்லை – டிக் போட்ட ஒரு ஞாயிறுகூட இல்லை. தீமை அதுதானோ?

டிக் போட்டது தெரியாமல். சரி. கிழித்தால்?

மார்ச் 12

அட்டைகளை விசாரணையில் கொடுக்கப் போகிறேன் என்று மகனிடம் சொல்லிவிட்டேன்.

"பெத்த புள்ளையக் காட்டிக் குடுப்பியா?"

"என்னையும் சேத்துத்தான்டா."

கதவைச் சாத்திக்கொண்டான்.

மார்ச் 13

விசாரணை அதிகாரி அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத நிரப்பினது யாரும்மா?"

"நான்தான்."

"லிஃப்டப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஏறி இறங்கத் தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

மார்ச் 14

மகன் வெளியிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தான்.

மார்ச் 24, ஞாயிறு

அந்தப் பெண்மேல் தப்பில்லை என்று எழுதிவிட்டார்கள். மகனுக்கு வேலை போய்விட்டது. பேத்தி கட்டுரையைக் கொடுத்துவிட்டாளாம். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.

மத்தியானம் மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்தோம். மகன் நிமிர்ந்து பார்க்காமல் தட்டை என் பக்கம் நகர்த்தினான். சாப்பாடு போட்டேன்.