அம்முலு அழுவதில்லை

8-7-1981
இவ்வளவு நேரம் கழித்து விளக்கைப் போட்டு எழுதுவதற்கு மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன்? என்னிடமேதான். பிள்ளை பெற்றவளைக் குழந்தை அழுது எழுப்பும். என் அம்முலு அழுவதில்லை. அதனால்தான் விழித்திருக்கிறேன். இன்றோடு அவளுக்கு இரண்டு மாதம். மூச்சு இருக்கிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தேன். இருக்கிறது. பாதம் மட்டும் சில்லென்று. ஆனிப் புழுக்கத்தில் எனக்கு முதுகெல்லாம் வியர்வை.

10-7
பாஞ்சாலி அண்ணியிடம் சொன்னேன். என் வீட்டுக்காரரின் அக்கா; இந்த வீட்டை நடத்துகிறவர். "அளுவலன்னு கூடவா ஒரு பேஜாரு? எதிர்வூட்டுது ராவெல்லாம் கத்திகினு கீது. அத்த வேணா மாத்திகினு வரட்டா?" சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

17-7
ஆடி முதல் வெள்ளி. கூழ் வார்த்த கையோடு தெருப் பெண்கள் குழந்தையைப் பார்க்க வந்தார்கள். பிறந்தபோது வந்த மஞ்சள் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. நாக்கு எப்போதும் உதட்டுக்கு வெளியே. ஒருத்தி பாதத்தைத் தொட்டு, "யம்மா, குளுந்துகீறா" என்றாள். புடைத்த தொப்புளைக் காட்டி இன்னொருத்தி, "சங்கு மாதிரி கீதுடி!" என்றாள். அண்ணி எழுந்து நின்றார். "மஞ்சப் பூசிகினு, நாக்க நீட்டிகினு... யாரு வந்துகீறான்னு இன்னுமா தெர்ல?"
எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள்.
நானும்.

24-7
இன்று புள்ளலூரிலிருந்தும் ஆட்கள். அம்முலு தலையில் ஒரு தகரக் கிரீடம். தீபத்தை முகத்துக்கு நேரே சுற்றினார்கள். தீபம் ஒரு சுற்றுப் போய்வந்த பிறகுதான் அவள் கண் நகர்ந்தது. அப்புறம் ஒரு சத்தம். குழந்தைக் குரல் இல்லை அது. கிழவர் முனகுவதுபோல், கரகரவென்று. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் பின்கட்டுக்கு ஓடினேன்.

25-7
அந்த மந்தத்தை எங்கே பார்த்திருக்கிறேன்?
காலேஜ் விலங்கியல் லேப். கடைசி அலமாரியில் ஒரு கண்ணாடி ஜாடி. உள்ளே தைராய்டு சுரப்பியை எடுத்துவிட்ட தலைப்பிரட்டை. கூடப் பிறந்ததெல்லாம் தவளையாகிப் போன பிறகும் அது கால் முளைக்காமல், வால் உதிராமல், பெருத்துக்கொண்டே இருந்ததாம். படம் வரைந்து பத்துக்கு ஒன்பது வாங்கினேன். பக்கத்திலேயே மனிதக் குழந்தைக்கு அந்தச் சுரப்பு இல்லாவிட்டால் என்ன என்றும் எழுதியிருந்தேன் — விடாத மஞ்சள், நீண்ட நாக்கு, குளிர்ந்த தோல், புடைத்த தொப்புள், கரகரத்த குரல். மூளை வளராது. மனப்பாடமாக எழுதியது.
பதினோரு வாரம். எதிரே படுத்திருந்தது எனக்குத் தெரியவில்லையே! எதைக் கும்பிட்டேன் நான்?

27-7
வாலாஜாபாத் ரைஸ்மில்லிலிருந்து அவர் வந்ததும் சொன்னேன். "ஆடி முடியட்டும் கஸ்தூரி. அக்கா மனசு நோவும்."
"அதுக்குள்ள நம்ம புள்ள மூளை நின்னு பூடும்ங்க!"
தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தார்.

28-7
அம்முலுவைக் காமாட்சியம்மனிடம் காட்டிவிட்டு வருவதாக அண்ணியிடம் பொய் சொன்னேன். தேங்காய் வேறு எடுத்துக் கொடுத்தார். உத்திரமேரூரில் காஞ்சிபுரம் பஸ் பிடித்து நேரே டாக்டரிடம் போனேன். முழங்காலை எக்ஸ்ரே எடுத்தார். பிறக்கும்போதே இருக்க வேண்டிய எலும்பு அங்கே இல்லை. ரத்தம் சென்னைக்குப் போகிறது. "ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்காதம்மா. இன்னிக்கே ஆரம்பி." தைராக்சின். ஒரு மாத்திரையில் பாதி, பொடித்துப் பாலில்.

29-7
அண்ணி பார்த்துவிட்டார். "ஆத்தாளுக்கா மாத்திர குடுக்கற? அவ கோவிச்சிகினு பூட்டான்னா கொயந்தையையும் தூக்கிகினு பூடுவா." கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.
மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்தேன். இந்தப் பொடி யாரைத் துரத்தப் போகிறது? ஒருவேளை அவர்கள் சொல்வது — சீ! நான் படித்தவள்தானே?
புகட்டினேன். விழுங்கிவிட்டு என்னையே பார்த்தாள்.

7-8
அம்முலுவின் பாதம் சுடுகிறது. யாரிடமும் சொல்லவில்லை.

14-8
கடைசி வெள்ளி. தட்டோடு பெண்கள் வாசற்படி ஏறும்போது அம்முலு வீறிட்டாள். முஷ்டி இறுகி, முகம் சிவந்து, தெருவே கேட்கும்படி. நாக்குப் பாதி உள்ளே போயிருந்தது. பெண்கள் படியிலேயே நின்றுவிட்டார்கள். "ஆத்தா மலையேறிட்டா," என்றாள் ஒருத்தி. தட்டுகளை வைத்துவிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள். சாவு வீட்டில் போல அண்ணி மூலையில் உட்கார்ந்து அழுதார். கொஞ்ச நேரம் கழித்து, "கத்துது பாரு, பால் குடு," என்றார்.

22-8
ரத்த ரிசல்ட் வந்தது. அதேதான். ஆயுசுக்கும் மாத்திரை. "மூளை?" என்று டாக்டரைக் கேட்டேன். "ஆரம்பிக்கறதுக்கே கிட்டத்தட்ட மூணு மாசம் போயிடுச்சேம்மா. பேசறப்போ, படிக்கறப்போதான் தெரியும்."
நேற்று வெள்ளிக்கிழமை அண்ணி தொட்டிலுக்குத் தீபம் காட்டினார். அம்முலு என் மடியில் இருந்தாள். தொட்டில் காலி. கும்பிட்டு முடிக்கும்வரை நானும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அம்முலு, இதையெல்லாம் இனி உனக்குத்தான் எழுதிவைக்கிறேன். கும்பிட்டவர்களில் நானும் ஒருத்தி. எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததும் இதைப் படி. ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் எழுது.